ஃபெல்லோஷிப் எத்தனை மாசம் பாக்கி?

"கைடு தப்பு பண்றார் மேடம், புகார் கொடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு யாராவது என் அறைக்கு வந்தால், என்ன தப்பு என்று நான் உடனே கேட்பதில்லை. ஃபெல்லோஷிப் எத்தனை மாசம் பாக்கி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். வந்தவர் முகம் தொங்கிப் போகும். நியாயம் கேட்டு வந்த இடத்தில் இந்தம்மா கணக்குப்பிள்ளை மாதிரிப் பேசுகிறாளே என்று இருக்கும். பரவாயில்லை. பதிவு செய்து எத்தனை வருஷம் ஆகிறது, சினாப்சிஸ் கொடுத்தாச்சா, டாக்டரல் கமிட்டியில் (டி.சி.) யார் யார் இருக்கிறார்கள், துறையில் வேறு யாரிடமாவது இடம் காலியாக இருக்கிறதா என்று மிச்சத்தையும் கேட்டு முடித்த பிறகுதான் விஷயத்துக்கே வருவேன்.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கும் ஸ்காலர்கள் உண்டு, மற்றவர்களுடைய ஸ்காலர்களுக்கு டி.சி. உறுப்பினராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தப் பேச்சுகள் எனக்குப் புதிதில்லை. செய்யாத சோதனைக்கு ரீடிங் எழுதச் சொல்கிறார். நான் எழுதின பேப்பரில் அவர் வீட்டு அம்மா பெயர் இருக்கிறது. ப்ராஜெக்ட் பணத்தில் வாங்கிய லேப்டாப் அவர் மகன் படிக்கிற ஹாஸ்டலில் இருக்கிறது. என் பெயரில் வருகிற சம்பளத்தில் மாசம் இவ்வளவு திருப்பிக் கொடு என்கிறார். பத்திரிகை வரைக்கும் போகிற பெரிய ஊழல்கள் இல்லை இவை. துறையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், கேன்டீனில் பேசப்படும், எழுத்தில் மட்டும் வராது.

எழுத்தில் ஏன் வருவதில்லை என்று கேட்டால், பயம், கோழைத்தனம், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு முதுகெலும்பு இல்லை" என்று பெரியவர்கள் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் பார்த்த பசங்களுக்குத் தைரியம் வேண்டிய மட்டும் இருக்கிறது. அடுத்த நாள் காலையில் எந்த லேபில் போய் உட்காருவது, யார் கையெழுத்துப் போடுவார் என்பதற்குத்தான் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தர வேண்டியது நிர்வாகம். இல்லாத பதிலுக்குப் பதிலாகத் தைரியத்தைப் பற்றி மேடையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் 2005-ல் நடந்ததை நான் ஒவ்வொரு புதிய ஸ்காலருக்கும் சொல்வது வழக்கம். எலிசபெத் குட்வின் என்ற மரபியல் பேராசிரியை. உருளைப்புழுக்களை வைத்து ஆராய்ச்சி. நல்ல ஆசிரியை, மாணவர்களுக்குப் பிடித்தமானவர் என்று பெயர். அந்த லேபில் ஆறு முனைவர் பட்ட மாணவர்கள். அதில் மூத்த மாணவி ஒருவர் கைக்கு மேடம் எழுதிய நிதி விண்ணப்பம் ஒன்று வருகிறது. படித்துப் பார்த்தால், நடக்காத சோதனைகள் நடந்ததாக இருக்கின்றன. ஒரு படம் வேறொன்றாகப் பெயர் மாற்றி உட்கார்ந்திருக்கிறது. சக மாணவர் ஒருவர் நேரே போய்க் கேட்கிறார். ஃபைல்கள் மாறிவிட்டன, வேலை நெருக்கடி என்கிற மாதிரி பதில் வருகிறது. ஆளுக்கு ஆள் விளக்கம் வேறாக இருந்ததும் சந்தேகம் வலுக்கிறது.

அதற்குப் பிறகு அந்த ஆறு பேரும் செய்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓடிப்போய் யாரிடமும் சொல்லவில்லை. கூடிப் பேசினார்கள். ஆறு பேரும் ஒத்துக்கொண்டால்தான் மேலே போவது, ஒருவர் வேண்டாம் என்றாலும் போவதில்லை என்று முடிவு செய்தார்கள். கைடு போனால் லேப் போகும், லேப் போனால் ஆறு பேர் படிப்பும் போகும் என்று அவர்களுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. வாரக்கணக்கில் யோசித்துவிட்டுத் துறைத் தலைவரிடம் போனார்கள். அவர் காது கொடுத்துக் கேட்டார். பல்கலைக்கழகம் விசாரித்தது. 2006 தொடக்கத்தில் குட்வின் ராஜினாமா செய்தார். விஷயம் நீதிமன்றம் வரை போய், அரசுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததை 2010-ல் ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 500 டாலர் அபராதம், ஒரு லட்சம் டாலர் திருப்பிக் கட்ட வேண்டும் என்று தண்டனை.

சட்டப்படி பார்த்தால் எல்லாம் சரியாக நடந்த வழக்கு. புகாரை அமுக்கவில்லை, மிரட்டவில்லை, விசாரணை ஆமை வேகத்தில் போகவில்லை. அப்படியிருந்தும் அந்த ஆறு பேரில் மூன்று பேர் முனைவர் பட்டத்தையே விட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் சட்டம் படிக்கப் போனார். மிச்சம் மூன்று பேரில் ஒருவர் வேறு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மற்றவர்கள் கிட்டத்தட்ட முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். லேபில் எடுத்த முடிவுகளில் எது நம்பத்தக்கது என்று தெரியாதபோது பழைய வேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எல்லாமே ஒழுங்காக நடந்த இடத்தில் கதை இப்படி. இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

நம்மிடம் ஒரு ஸ்காலருடைய வாழ்க்கை எத்தனை கையெழுத்தில் தொங்குகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) இளநிலை ஃபெல்லோஷிப்பான ஜே.ஆர்.எஃப். வாங்குபவர் என்றால் மாசம் 37,000 ரூபாய், முதுநிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000, கூட வீட்டு வாடகைப் படி. கேட்க நன்றாக இருக்கிறது. அது தானாக வங்கிக் கணக்கில் விழுந்துவிடாது. இந்த மாதமும் இந்த ஆள் இருக்கிறார், வேலை செய்கிறார் என்று பல்கலைக்கழகம் கனரா வங்கிப் போர்ட்டலில் உறுதி செய்ய வேண்டும். ஒரு பிரிவில் ஒருவர் ஏற்றுவார், இன்னொருவர் சரிபார்ப்பார். அவர்களுக்கு ஆதாரம், கைடு கையெழுத்துப் போட்டு துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) வழியாக வருகிற காகிதம். கைடு கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்க வேண்டும் என்றால் "வருகைப் பதிவேடு பார்க்கணும்பா" என்ற ஒரு வாக்கியம் போதும். ஃபெல்லோஷிப் நின்று போய், மூன்று மாதத்து மெஸ் பாக்கியோடு என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் அப்பா அந்தப் பணத்தை நம்பித்தான் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பார்.

"கைடை மாத்திக்க வேண்டியதுதானே?" என்பார்கள். மாற்றலாம். வழக்கமாக அதற்குப் பழைய கைடிடமே என்.ஓ.சி. வாங்க வேண்டும். யார் மேல் புகாரோ அவரிடம் போய் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வர வேண்டும்! வாங்கியாச்சு என்றே வையுங்கள். எடுத்துக்கொள்ள ஆள் வேண்டுமே. யு.ஜி.சி.யின் 2022 முனைவர் பட்ட விதிகளின்படி ஒரு பேராசிரியர் எட்டு பேரை, இணைப் பேராசிரியர் ஆறு பேரை, உதவிப் பேராசிரியர் நான்கு பேரைத்தான் ஒரு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். பாதி பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கிற துறையில், அதே பாடப் பிரிவில், காலியிடம் உள்ள இன்னொருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தாலும் அவர் முதலில் கேட்பது, "ஏம்மா அவரை விட்டு வர்றே?" பதில் தெரிந்ததும், "நம்ம ரெண்டு பேரும் ஒரே துறையில இருக்கணும்ல, எனக்கு எதுக்கு வம்பு" என்று நகர்ந்துவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவருடைய புரமோஷன் கமிட்டியில் நாளைக்கு யார் உட்காருவார் என்று அவருக்குத் தெரியும்.

இந்த மாதிரி எல்லாக் கதவும் அடைத்த இடத்தில் பிறப்பதுதான் மொட்டைப் பெட்டிஷன்.

மொட்டைப் பெட்டிஷனைப் பார்த்திருக்கிறீர்களா? டீன் அலுவலகத்தில் கொஞ்ச காலம் கூடுதல் பொறுப்பில் இருந்தபோது நிறையப் படித்தேன். அதற்கென்று ஒரு இலக்கணமே இருக்கிறது. டி.டி.பி. சென்டரில் அடித்த இரண்டு பக்கம். மேலே "பெறுநர்" என்று வேந்தரான ஆளுநரில் தொடங்கி, முதல்வர் தனிப்பிரிவு, உயர்கல்விச் செயலர், யு.ஜி.சி., லஞ்ச ஒழிப்புத் துறை என்று ஒரு ஊர்வலம். துணைவேந்தருக்கு நகல்தான். ஏதோ ஒரு வெளியூர் அஞ்சலக முத்திரை. கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் "உண்மை விரும்பி", "கண்ணீருடன் ஆய்வு மாணவர்கள்", இல்லாவிட்டால் எப்போதோ ஓய்வு பெற்ற யாரோ ஒருவரின் பெயர். உள்ளே ஒன்பது குற்றச்சாட்டு இருக்கும். ஆறு, அந்தப் பேராசிரியரின் சாதி, அவர் கட்டிய வீடு, அவர் யாரோடு காரில் போனார் என்பது பற்றி. ஒன்றிரண்டு பழைய பதவிச் சண்டை. ஏழாவதோ எட்டாவதோ பத்தியில், யாரும் அதுவரை படித்து வரமாட்டார்கள் என்கிற இடத்தில், "இன்ன ஆண்டு இன்ன இதழில் வந்த கட்டுரையின் மூன்றாம் படமும் அதற்கு முந்தைய ஆண்டுக் கட்டுரையின் இரண்டாம் படமும் ஒன்றே, தலைகீழாகத் திருப்பப்பட்டுள்ளது" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி உண்மை. உள்ளே இருக்கிற ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும்.

அந்த வரிக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பெயர், முகவரி இல்லாத புகார்களின் மேல் நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்று மத்தியப் பணியாளர் துறை 2013-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழக அலுவலகங்களிலும் நடைமுறை அதேதான். கோப்பில் "அநாமதேயம், பதிவு செய்து முடிக்கலாம்" என்று ஒரு குறிப்பு விழும். அது முடிவதற்குள் புகாருக்கு உள்ளானவர் கைக்கு ஒரு நகல் போய்ச் சேர்ந்துவிடும். அவர் அதைப் படித்துவிட்டு, யார் எழுதியது என்று எழுத்துநடையை வைத்துக் கண்டுபிடிக்க முயல்வார். பெரும்பாலும் தப்பான ஆளைக் கண்டுபிடிப்பார். (பொய்ப் புகாரால் நொந்துபோன நல்ல ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் மொட்டைக் கடுதாசிக்கெல்லாம் விசாரணை வை என்று நான் சொல்ல மாட்டேன். திருப்பி வைத்த படம் திருப்பி வைத்ததா இல்லையா என்று பார்ப்பதற்கு எழுதியவர் பெயர் எதற்கு என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.)

சரி, பெயர் போட்டே கொடுக்கலாம் என்றால் எங்கே கொடுப்பது? யு.ஜி.சி. 2018-ல் கல்விசார் நேர்மைக்கு ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு. புகார் வந்தால் 45 நாளில் அறிக்கை. ஒப்புமை 10 சதவீதம் வரை பரவாயில்லை. 10 முதல் 40, 40 முதல் 60, 60-க்கு மேல் என்று மூன்று படி, படிக்கொரு தண்டனை. கட்டுரையில் 60-ஐத் தாண்டினால் ஆசிரியருக்கு இரண்டு வருஷ இன்க்ரிமென்ட் போகும், மூன்று வருஷத்துக்குப் புது ஸ்காலர் எடுக்க முடியாது. ஒன்றுமே இல்லாத இடத்தில் இது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் இரண்டு விஷயம். துறைக் குழுவின் தலைவர் யார் என்று பாருங்கள்: துறைத் தலைவர். ஹெச்.ஓ.டி. மேலேயே புகார் என்றால் நிறுவனக் குழுவுக்குப் போகலாம் என்று விதி வழி வைத்திருக்கிறது, உண்மைதான். புகார் ஹெச்.ஓ.டி. மேல் இல்லை, அவருடைய இருபது வருஷ நண்பர் மேல், அவரோடு ஒரே ப்ராஜெக்டில் இருப்பவர் மேல் என்றால் அதற்கு விதி என்ன செய்ய முடியும்?

இரண்டாவது, அது முழுக்க முழுக்கத் திருட்டு எழுத்தைப் பற்றிய விதி. மென்பொருளில் போட்டால் சதவீதம் வருகிற தப்புக்கு மட்டும்தான் அதில் படிகள் உண்டு. செய்யாத சோதனைக்குச் சொந்தமாகக் கற்பனை செய்து எண்களை எழுதினால் ஒப்புமை சுத்தமாகப் பூஜ்யம்! அதைவிட "நேர்மையான" ஆய்வேடு கிடையாது.

எழுத்துத் திருட்டிலேயேகூட, உள்ளேயிருந்து கேட்கிற குரலுக்கு என்ன எடை என்பதை 2002-ல் குமாவுன் பல்கலைக்கழகத்தில் பார்த்தோம். நைனிடாலில் இருக்கிறது. துணைவேந்தராக இருந்த இயற்பியலாளர் பி.எஸ். ராஜ்புத்தும் அவருடைய மாணவரும் வெளியிட்ட கட்டுரை, ஸ்டான்ஃபோர்டின் ரெனாட்டா காலோஷ் எழுதியதிலிருந்து எடுத்தது என்று குற்றச்சாட்டு. புகார் முதலில் எழுந்தது அந்தப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குள்ளிருந்துதான். அது பெரிதாக அசைந்ததோ, ஸ்டான்ஃபோர்டின் ஏழு இயற்பியலாளர்கள், அதில் நோபல் பரிசு பெற்றவர்களும் உண்டு, குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமுக்குக் கடிதம் எழுதிய பிறகு. நீதிபதி தலைமையில் குழு வந்தது, குற்றம் உறுதியானது, 2003-ல் துணைவேந்தர் விலகினார். எல்லாப் புகாருக்கும் ஸ்டான்ஃபோர்டிலிருந்து கடிதம் வாங்க முடியுமா என்ன?

இன்னொரு கதை உண்டு. சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். டியூக் பல்கலைக்கழகம், அனில் போட்டி என்ற புற்றுநோய் ஆய்வாளர். ஒரு கட்டியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்து எந்தக் கீமோ மருந்து அந்த நோயாளிக்கு வேலை செய்யும் என்று சொல்லிவிடலாம் என்பது அவருடைய குழுவின் கண்டுபிடிப்பு. 2006-ல் பெரிய இதழில் வந்தது. அதை வைத்து உண்மையான நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் சோதனைகளும் தொடங்கின. 2008-ல் அந்த லேபில் இருந்த ஒரு மருத்துவ மாணவர், கணக்கு சரியில்லை என்று கண்டுபிடித்து, கவலைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார். பெயர் போட்டு, ஆதாரத்தோடு, மரியாதையாக. மொட்டைப் பெட்டிஷனுக்கு நேர் எதிரான காகிதம். தான் பெயர் சேர்ந்திருந்த கட்டுரைகளிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார்.

மேலிடம் என்ன செய்தது? வெளியே உள்ள நிதி நிறுவனத்துக்குப் போக வேண்டாம், இது கருத்து வேறுபாடு என்கிற வகையில் பேசிச் சமாதானப்படுத்தினார்கள். அவர் லேபை விட்டு விலகி, இன்னொரு இடத்தில் ஆராய்ச்சி வருஷத்தைத் திரும்பச் செய்தார். நோயாளிகள் மேல் சோதனை தொடர்ந்தது. டெக்சஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் இரண்டு புள்ளியியலாளர்கள், கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும், வெளியிலிருந்து அதே தரவைத் தோண்டி, வரிசைகள் ஒரு கட்டம் தள்ளி மாறியிருக்கின்றன, மருந்துக்குக் கேட்பவர், கேட்காதவர் என்ற அடையாளமே தலைகீழாக இருக்கிறது என்று எழுதினார்கள். 2009-ல் சோதனைகளை நிறுத்தினார்கள்; ஒரு உள் ஆய்வு நடத்தி மறுபடி தொடங்கினார்கள். கடைசியில் எது கவிழ்த்தது தெரியுமா? போட்டி தன் விண்ணப்பங்களில் ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவர் என்று பொய் எழுதியிருந்தது 2010-ல் வெளியே வந்தது. அதுதான். நோயாளிக்குத் தப்பான மருந்து போகலாம் என்று சொன்னபோது நகராத நாற்காலி, பயோடேட்டாவில் ஒரு வரி பொய் என்றதும் ஆட்டம் கண்டது. மாணவர் எழுதிய அந்தக் காகிதம் ஊருக்குத் தெரியவந்தது 2015-ல்.

டியூக்கில் தைரியத்துக்கு எந்தக் குறையும் இல்லை. காகிதத்திலும் இல்லை. கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்காமல் இருப்பதில் லாபம் இருந்தது, அவ்வளவே.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் டில்பர்க் உதாரணம். டீடெரிக் ஸ்டாப்பல், சமூக உளவியலில் பெரிய நட்சத்திரம், டீன். பள்ளிகளில் ஆட்களை வைத்துத் தரவு சேகரித்ததாகச் சொல்லி, சேகரித்த தரவைத் தானே ஸ்காலர்களுக்குக் கொடுத்துவிடுவார். எவ்வளவு தாராளமான கைடு! 2011-ல் மூன்று இளம் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கவனித்து, ஒரே மாதிரி எண்கள் திரும்பத் திரும்ப வருவதைக் குறித்து வைத்துக்கொண்டு, துறைத் தலைவரிடம் போனார்கள். அவர் ஸ்டாப்பலுக்கு நண்பர். ஆனாலும் மேலே கொண்டுபோனார். சில வாரங்களில் ஸ்டாப்பல் இடைநீக்கம். லெவெல்ட் குழு 2012-ல் கொடுத்த இறுதி அறிக்கையில் 55 கட்டுரைகளில் மோசடி. பத்து முனைவர் பட்ட ஆய்வேடுகளில் அவர் கற்பனை செய்த தரவு. அந்தப் பத்துப் பேர் பட்டத்தையும் பறிக்கவில்லை. தப்பு அவர்களுடையதல்ல என்று குழு சொன்னது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: இதற்கு முன்பும் இளையவர்கள் சிலரும், பேராசிரியர்களே இரண்டு பேரும் சந்தேகத்தைச் சொல்லியிருக்கிறார்கள், யாரும் தொடரவில்லை. ஆக, அந்த மூன்று பேர் முதலில் பார்த்தவர்கள் இல்லை. கேட்கிற காது கிடைத்த முதல் ஆட்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, வந்து உட்கார்ந்திருக்கிற ஸ்காலரிடம் நான் என்ன சொல்வேன்? சி.கே. கன்சாலஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரி புகார்களைக் கையாண்டவர், புகார் கொடுத்த பிறகும் பிழைத்துக்கிடப்பது எப்படி என்று 1998-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, குற்றம் சாட்டாதே, கேள்வி கேள் என்பது. "இவர் டேட்டாவைப் பொய்யாக உருவாக்கினார்" என்று எழுதினால் நிரூபிக்க வேண்டிய பாரம் உன் தலையில். "இந்தப் பட்டியலில் உள்ள மாதிரிகள் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டவை என்று லேப் நோட்டில் என்னால் காண முடியவில்லை, எங்கே இருக்கிறது?" என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். நீ நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். உனக்குத் தெரியாத காரணம் இருக்கலாம். கேள்வியாக இருந்தால் திரும்பி வரவும் வழி இருக்கும்.

லீவு தராதது, வீட்டு வேலைக்கு அனுப்பியது, நாலு பேர் முன்னால் திட்டியது எல்லாம் உண்மையான வலிதான். அதைத் தனிக் காகிதத்தில் எழுது. இரண்டையும் சேர்த்தால் படிக்கிறவர், "ஓ, கைடுக்கும் பொண்ணுக்கும் ஒத்துவரல போல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். தேதி போட்டுக் குறித்து வை. உனக்கு அனுமதியுள்ள ஃபைலை மட்டும் வைத்துக்கொள். ராத்திரியில் கைடு கம்ப்யூட்டரைத் திறந்து பென் டிரைவில் எடுத்தால், மறுநாள் விசாரணை உன் மேல்தான் நடக்கும். மனுவை நேரில் கொடுத்துவிட்டு வராதே. தபால் பிரிவில் கொடுத்து, உன் நகலில் முத்திரையும் வரவு எண்ணும் வாங்கு. அந்த முத்திரை இல்லாவிட்டால் "அப்படி ஒரு மனுவே வரலையேம்மா" என்பார்கள். கேட்டிருக்கிறேன்.

பாலியல் தொந்தரவு என்றால் பாதை முற்றிலும் வேறு. 2013 சட்டம், உள்ளகப் புகார்க் குழு, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிப்பு, 90 நாளில் விசாரணை. அதை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகளில் ஓர் இடம் இருக்கிறது, அதைப் படித்த நாளிலிருந்து அதைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விசாரணை நடக்கும்போதே இடைக்கால நிவாரணமாக, கல்வி நிறுவனம் என்றால், புகாருக்கு உள்ளானவர் அந்தப் பெண்ணின் கல்வி சார்ந்த எந்தப் பணியையும் மேற்பார்வை செய்யக் கூடாது என்று தடுக்கலாம். அந்தப் பெண் கேட்டால் போதும், குழு பரிந்துரைக்கலாம். குற்றம் நிரூபணமாகும் வரை காத்திருக்க வேண்டாம். யாரோ ஒருவர், ஒரு ஸ்காலர் மறுநாள் காலை யாரிடம் கையெழுத்துக்குப் போய் நிற்பாள் என்று உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்!

ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. சட்டமே ஒரு மூலையில் செய்து காட்டியிருக்கிறது. போலித் தரவுக்கு, ப்ராஜெக்ட் பணத்துக்கு, திருடிய பேப்பருக்கு மட்டும் அது ஏன் கிடையாது? ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் என்று 2014-ல் நாடாளுமன்றம் ஒன்றை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்கு மட்டும் வரவில்லை. தில்லி கொண்டுவரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? கைடு மாற்றத்துக்கு யார் என்.ஓ.சி. கொடுப்பது என்பதை ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவே மாற்றிவிடலாம். புகார் நிலுவையில் இருக்கும்வரை ஃபெல்லோஷிப் காகிதத்தில் டீன் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.

எங்கள் துறைக் கூட்டத்தில் இதைவிடச் சின்னதாக ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். பதிவு செய்கிற அன்றே ஒவ்வொரு ஸ்காலருக்கும் இரண்டாவது கைடு ஒருவர் பெயரைக் கோப்பில் எழுதி வைத்துவிடலாம். முதல் கைடுக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம், மாற்றலாகிப் போகலாம், ஓய்வு பெறலாம், புகாரும் வரலாம். எதுவானாலும் கையெழுத்து நிற்காது. புகார் என்ற சொல்லைக் கடைசியாகத்தான் சொன்னேன், வேண்டுமென்றே. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு மூத்த பேராசிரியர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ பேப்பர் வந்தா அதுல ரெண்டாவது கைடு பேரும் போடணுமா மேடம்?" என்று கேட்டார். அதைப் பற்றி விவாதம் சூடாக நடந்தது. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.